தானியங்கித் தறி அடித்து நிற்கிறதா? அறிகுறி பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

குறுக்கு நூலைச் சுமந்து தறியின் இரு பக்கப் பெட்டிகளுக்கும் இடையே ஓடும் ஷட்டில், வலப்பெட்டியில் முரண்டு பிடித்தால் முதலில் இடப்பக்கம் போய்ப் பாருங்கள். அதை அங்கிருந்து அடித்து அனுப்பி வைத்தது இடப்பக்கத்து அடி. தறி திருத்தப் பழகும் தம்பிமாருக்கு நான் முதல்நாள் சொல்வது இதைத்தான். ஆனாலும் தறி ஒருக்கால் அடித்து நின்றதும் ஸ்பானரோடு ஓடிப்போய் அடியைக் கூட்டுவதுதான் எல்லோருடைய பழக்கமும். அடியைக் கூட்டினால் அன்று பின்னேரம் வரை தறி ஓடும். அடுத்த கிழமை ஷட்டிலை அடித்துத் தள்ளும் பிக்கர் வெடிக்கும், அதற்கடுத்த கிழமை ஷட்டிலின் முனை கழலும், தார் (ஷட்டிலுக்குள் இருக்கும் நூல் சுற்றிய கட்டை) மாற்றும் இடத்தில் கட்டை நொறுங்கும். அப்போது எது முதல் பிழை என்று யாராலும் சொல்ல முடியாது.

நான் நெசவை அறிந்தது யாழ்ப்பாணத்துக் கல்வியங்காட்டில், கைத்தறிக்காரர் நடுவில். பிறகு அச்சுவேலிப் பக்கம் ஒரு கூடத்தில் தார் மாற்றும் தானியங்கித் தறிகளோடு பல வருசம். இந்த வகைத் தறியை நோத்ரொப் என்பவர் அமெரிக்காவில் உருவாக்கி, 1894 இல் இருந்து அது ஆலைகளுக்குப் போகத் தொடங்கியது. ஷட்டிலுக்குள் நூல் தீரப்போவதைத் தானே அறிந்து, தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே பழைய தாரைக் கீழே தள்ளிப் புதுத் தாரை மேலிருந்து அடித்து இறக்கும். நூற்றுமுப்பது வருசமாகியும் இதன் நோய்கள் மாறவில்லை. கீழே வரும் எண்கள் 44 அங்குல அகலத்தில், மினித்துக்கு 180 ஊடை (குறுக்கு நூல்) போடும் தறிக்கு உரியவை. உங்கள் தறி வேறென்றால் எண்கள் சற்று விலகும். பார்க்கும் ஒழுங்கு விலகாது.

கை வைக்க முன்

மெயின் சுவிச்சை அணையுங்கள். பெல்ட்டையோ கிளச்சையோ விடுவித்து, தறியைக் கையால் சுற்றும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். பிறகு கிறாங்கின் (அச்சை முன்னும் பின்னும் ஆட்டும் தண்டின்) சில்லில் சோக்கால் பாகை குறியுங்கள். அச்சு (ஊடையைத் துணியோடு நெருக்கும் சீப்பு) துணியை முட்டும் இடம் 0 பாகை. அச்சு முழுக்கப் பின்னால் போய் நிற்கும் இடம் 180. இந்தச் சோக்குக் கோடு இல்லாமல் தறி திருத்துவது, மணிக்கூடு பார்க்காமல் பஸ்ஸுக்கு நிற்பது போல.

சாதாரண பருத்தித் துணிக்கு ஷட்டில் ஏறத்தாழ 110 பாகையில் பாவுக்குள் (நீளவாக்கு இழைகளின் திறப்புக்குள்) நுழைந்து 240 பாகையளவில் வெளியேற வேண்டும். 270 ஆகும்போது பெட்டிக்குள் அடங்கியிருக்க வேண்டும். 180 ஊடை வேகத்தில் ஒரு சுற்றுக்கு மூன்றில் ஒரு செக்கன். அதில் 130 பாகை என்றால் 0.12 செக்கன். அந்த நேரத்துக்குள் ஷட்டில் தன் நீளத்தையும் சேர்த்து ஏறத்தாழ 1.4 மீட்டர் கடக்கிறது. வேகம் செக்கனுக்கு 12 மீட்டர் அளவு. ஷட்டில் 450 கிராம் என்று வைத்துக்கொண்டால், மூன்று கிலோவுக்குச் சற்று அதிகமான கல் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற சக்தி அது. ஒவ்வொரு ஊடைக்கும் அந்தச் சக்தியைக் கொடுக்கவும் வேண்டும், மறுபக்கப் பெட்டியில் அடக்கவும் வேண்டும். தறியின் நோய்களில் பெரும்பங்கு இந்தக் கொடுப்பதிலும் அடக்குவதிலும்தான் பிறக்கிறது.

"டம்" என்று அடித்து நிற்கிறது

ஷட்டில் நேரத்துக்குப் பெட்டிக்குள் வராவிட்டால் அச்சைத் துணியில் முட்டவிடாமல் ஸ்டொப் றொட் தறியை மறிக்கிறது. அந்தச் சத்தம்தான் இது. அதைத் தறியின் குற்றம் என்று நினைக்காதீர்கள். அது மறிக்காவிட்டால் ஷட்டில் பாவுக்குள் அகப்பட்டு இருநூறு முந்நூறு இழைகள் ஒரேயடியாக அறும்; அந்தப் பாவை முடிந்து எடுக்க ஒரு நாள் போகும். ஸ்டொப் றொட்டின் நாக்கைக் கழற்றிவிட்டுத் தறி ஓட்டுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

இந்த ஒரு சத்தத்துக்கு எதிரெதிரான இரண்டு காரணங்கள் உண்டு. ஷட்டில் பிந்தி வந்திருக்கலாம். அல்லது நேரத்துக்கு முந்தியே பலமாக வந்து, பிக்கரில் மோதித் திரும்பத் துள்ளியிருக்கலாம். இரண்டிலும் பெட்டிக்குள் ஷட்டிலை அழுத்தி அடக்கும் ஸ்வெல் சரியாக எழும்பாது. தறி ஒரே மாதிரித்தான் நிற்கும். எங்கள் கூடத்தில் ஓர் அக்கா, "அண்ணை, இது பிந்தி வருது, அடியைக் கொஞ்சம் கூட்டிவிடுங்கோவன்" என்று கூப்பிட்டார். "பிந்தி வருதெண்டு எப்பிடிப் பிள்ளை தெரியும்?" என்று கேட்டேன். "நிக்குதே!" என்றார். அங்கேதான் எல்லோரும் வழுக்குகிறோம்.

பிரித்தறிய ஒரு சோக்குக் கட்டி போதும். ஷட்டிலின் இரண்டு முனைகளிலும் சோக்கைத் தேய்த்து, பிக்கரின் முகத்தைத் துடைத்துவிட்டு ஓட்டுங்கள். அடித்து நின்றதும், வந்து சேர்ந்த பக்கத்துப் பிக்கரைப் பாருங்கள். புதுச் சோக்குப் புள்ளி இருந்து, ஷட்டில் அதை விட்டு விலகி நின்றால் துள்ளல். பிக்கர் சுத்தமாக இருந்தால் பிந்தல்.

துள்ளல் என்றால் வந்து சேர்ந்த பெட்டியில் அடக்கம் போதாது. ஸ்வெல்லின் ஸ்பிறிங் தளர்ந்திருக்கும், அல்லது ஸ்வெல்லின் தோல் எண்ணெய் குடித்து வழுக்கும். பிக்கர் தடியைத் தாங்கும் வார் நீண்டிருக்கும். இவை எல்லாம் சரியென்றால் அனுப்பிய பக்கத்து அடி கூடிவிட்டது, குறையுங்கள்.

பிந்தல் என்றால் மின்சாரத்தில் இருந்து தொடங்குங்கள். மூன்று கட்ட மின் 400 வோல்ற்றில் இருந்து 360 க்கு இறங்கினால், மோட்டரின் இழுவை ஐந்தில் ஒரு பங்கு குறையும். பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகுதான் எல்லாத் தறியும் அடித்து நிற்கிறதென்றால் ஸ்பானரை வைத்துவிட்டு மீற்றரை எடுங்கள். பிறகு பெல்ட் வழுக்கல். அதன் பிறகு அனுப்பும் பக்கத்துப் பிக்கர்: ஷட்டில் முனை குத்திக் குத்திக் குழி ஆழமாகியிருந்தால் அந்த ஆழமளவுக்கு அடி வீணாகிறது. அடிக்கும் கேமின் மூக்குத் தேய்ந்திருந்தாலும் இதே கதைதான். கடைசியாகத்தான் அடியின் அளவு.

இங்கே செய்யக்கூடிய நல்ல திருத்தம், தோல் பிக்கரை விட்டு நைலோன் பிக்கர் போடுவது. எங்கள் காற்றில் தோல் ஒரு குணமாக நிற்பதில்லை. சோழகத்தில் (தென்மேற்குக் காற்றுக் காலத்தில்) காய்ந்து கல்லாகும், மாரியில் ஊறி மெத்தென்று ஆகும். அடியும் அதோடு மாறும். நைலோனுக்கு அந்தக் குணம் குறைவு. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். குழியைக் கண்மட்டத்துக்குத் துளைக்காதீர்கள். பிக்கரை மாட்டி, சோக்குப் பூசிய ஷட்டிலைக் கையால் தள்ளி, முனை தொட்ட இடத்தில் துளையுங்கள். கால் அங்குலம் மாறினாலே ஷட்டில் கோணலாகப் புறப்படும்.

தொண்ணூறுகளில் மின்சாரமும் இல்லை, பொருளும் வராது. அந்த நாளில் லொறி ரயரை வெட்டிப் பிக்கர் செய்த கைகள் இங்கே உண்டு. அந்தக் கெட்டித்தனத்துக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் ரயர் றபர் துள்ளும். இன்று நைலோன் கிடைக்கும்போது அதற்குத் திரும்ப வேண்டியதில்லை. பிக்கர் தடிக்கும் இதே பேச்சு. முதிரைக் கட்டை கடினம் என்று போட்டுப் பார்த்தோம். வளைந்து கொடுக்காமல் முறிந்தது. தடிக்குக் கடினத்தை விட நெகிழ்வு முக்கியம்.

ஷட்டில் வெளியே பறக்கிறது

இது நடந்த தறியை அந்த நிமிடமே நிறுத்துங்கள். "ஒருக்கால்தானே" என்று மறுபடி ஓட்ட வேண்டாம். மேலே சொன்ன கணக்கை நினையுங்கள்: இரும்பு முனை வைத்த அரைக் கிலோக் கட்டை, செக்கனுக்கு 12 மீட்டர் வேகத்தில், பக்கத்துத் தறியில் நிற்கும் பிள்ளையின் முகத்துக்கு நேரே. எங்கள் கூடத்தில் ஒன்று பறந்து சுவரில் சீமெந்தைப் பெயர்த்தது. அந்த இடத்தில் ஐந்து நிமிடம் முன்புவரை ஒரு பிள்ளை தார் எடுத்துக்கொண்டு நின்றவள். அன்றைக்குப் பிறகு, முன்னால் காவல் கம்பி இல்லாத தறியை நான் ஓட விட்டதில்லை.

காரணம் தேடும்போது நேரான இரும்புச் சட்டம் ஒன்றைப் பெட்டியின் பின்சுவரில் இருந்து அச்சின் மேல் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். அச்சு ஒரு நூலளவு முன்தள்ளி நின்றாலும் ஷட்டில் அதில் முட்டி வெளிநோக்கித் திரும்பும். அடுத்தது பாவின் கீழ்த் தட்டு: ஷட்டில் ஓடும் பலகையை அது மெல்லத் தொட வேண்டும். விழுது (பாவு இழைகளைத் தூக்கி இறக்கும் கண்ணிகள்) உயர்ந்து கட்டப்பட்டிருந்தால் கீழ் இழைகள் பலகையை விட்டு எழுந்து ஷட்டிலின் மூக்கைத் தூக்கிவிடும். அறுந்த இழையொன்று பக்கத்து இழைகளில் சுற்றிப் பாவின் திறப்பை மூடியிருந்தாலும் இதுதான் நடக்கும். பாவு திறக்கும் நேரம் பிந்தியிருக்கிறதா என்பதைச் சோக்குக் கோட்டில் பாருங்கள்.

தார் மாறும்போது இடிக்கிறது, நொறுங்குகிறது

தானியங்கித் தறியை வாங்கியவர்கள் அதிகம் திட்டுவது இந்த இடத்தில். சுத்தியல் புதுத் தாரை அடித்து இறக்கும் அந்தக் கணத்தில் ஷட்டில் தன் இடத்தில் சரியாக நிற்க வேண்டும். தாரின் அடியில் இருக்கும் இரும்பு வளையங்கள், ஷட்டிலுக்குள் இருக்கும் கவ்வியின் பள்ளங்களுக்குள் விழ வேண்டும். சில மில்லிமீட்டர் முன்பின்னாக நின்றால் வளையம் பள்ளத்தில் விழாமல் விளிம்பில் இடிக்கும். கட்டை பிளக்கும், அல்லது அரைகுறையாக ஏறி அடுத்த ஓட்டத்தில் தார் கழன்று பாவுக்குள் விழும்.

எல்லோரும் சுத்தியலைத்தான் திருத்தத் தொடங்குவார்கள். அதை விடுங்கள். சுத்தியல் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில்தான் இறங்குகிறது. இடம் மாறுவது ஷட்டில். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, ஷட்டில் ஏன் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நிற்கிறது என்பது. தார்ப் பெட்டி வலப்பக்கம் இருக்கும் தறியில் ஷட்டிலை வலப்பக்கம் அனுப்புவது இடப்பக்க அடி. அங்கே கூட்டிய அடிக்குத் துள்ளி, இங்கே தார் உடைகிறது. மேலே சொன்ன சோக்குச் சோதனையை வலப்பெட்டியில் பத்து முறை செய்து பாருங்கள். நிற்கும் இடம் ஒன்றாக இருந்தால் மட்டும் சுத்தியலில் கை வைக்கலாம்.

அப்படி ஒன்றாக நின்றும் இடிக்கிறதென்றால் கவ்வியைப் பாருங்கள். கவ்வியின் ஸ்பிறிங் தளர்ந்த ஷட்டிலை உடனே ஒதுக்கிவிடுங்கள். தார்களையும் குவியலாக ஏற்க வேண்டாம். வளையம் நெளிந்த ஒரு தார் இரண்டு ஷட்டிலைக் கெடுக்கும். கூடத்தில் கலந்து கிடக்கும் வெவ்வேறு நீளத் தார்களைப் பிரித்து, ஒரே அளவை மட்டும் பெட்டியில் ஏற்றிய அன்றைக்கே எங்களுக்கு இந்தப் பிரச்சினையில் பாதி போனது.

தார் மாற முன் ஷட்டில் இடத்தில் நிற்கிறதா என்று தொட்டுப் பார்க்கும் ஒரு நாக்கு இந்தத் தறிகளில் உண்டு. ஷட்டில் விலகி நின்றால் அது மாற்றத்தையே நிறுத்திவிடும். நொறுங்கும் தறிகள் பலவற்றில் அந்த நாக்கு வளைந்து, அல்லது கம்பியால் கட்டப்பட்டுக் கிடக்கும். அதை விடுவித்துச் சரிபண்ணுவதே ஒரு பெரிய திருத்தம்.

தார் ஒழுங்காக மாறியும் ஊடை வரவில்லையென்றால் பிழை ஷட்டிலில் நூல் கோக்கும் கண்ணில். அந்தக் கண்ணுக்குள் நூல் தானே விழுந்து ஏற வேண்டும். பஞ்சு அடைத்திருந்தால் ஏறாது. ஊசியால் குடையாதீர்கள், கீறல் விழும். தூரிகையும் காற்றும் போதும்.

ஜப்பானில் சகிச்சி ரொயோடா 1924 இல் கொண்டுவந்த ஜி வகைத் தறி இந்தச் சிக்கலை வேறு விதமாகக் கடந்தது. தாரை மாற்றாமல் ஷட்டிலையே ஓட்டத்தில் மாற்றியது. 1929 இல் இங்கிலாந்தின் பிளற் பிறதேர்ஸ் நிறுவனம் அதன் காப்புரிமையை வாங்கியது. தறி செய்து உலகுக்கு விற்ற நாடு ஒரு கிழக்கு நாட்டுக்காரரிடம் உரிமை வாங்கியதை நினைக்கும்போது எனக்கு இன்றும் பெருமையாக இருக்கும்.

நூல் மிச்சமிருக்கத் தார் மாறுகிறது. அல்லது தீர்ந்த பிறகு மாறுகிறது

தாரில் நூல் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கும் உணரி தார்ப் பெட்டிக்கு எதிர்ப்பக்கம் இருக்கும். நூல் உள்ளவரை அது நூலில் பிடிபட்டு நிற்கும். வெறும் கட்டை வந்ததும் வழுக்கும். அந்த வழுக்கல்தான் கட்டளை. முந்தி மாறினால் உணரியின் முனை தேய்ந்து, நூலின் மேலேயே வழுக்குகிறது. பிந்தி மாறினால் கட்டையின் மேற்பூச்சுப் போய்ச் சொரசொரப்பாகி விட்டது. இன்னொன்று, தார் சுற்றும் இடத்தில் கட்டையின் அடியில் இரண்டு மூன்று ஊடைக்குப் போதுமான நூலைக் குவித்துச் சுற்றித்தான் மேலே போக வேண்டும். உணரி கட்டளையிட்ட பிறகும் ஷட்டில் தார்ப் பெட்டிக்குப் போய்ச் சேர அந்த நூல்தான் வேண்டும். அது இல்லாவிட்டால் துணியில் அரை ஊடை விழும். நெய்கிறவரைக் குறை சொல்ல முன் தார் சுற்றுகிறவரிடம் போய்ப் பேசுங்கள்.

இழை அறுந்தும் தறி நிற்கவில்லை, அறாமலே நிற்கிறது

ஒவ்வொரு பாவு இழையிலும் தொங்கும் தகடு, இழை அறுந்ததும் விழுந்து தறியை நிறுத்த வேண்டும். யாழ்ப்பாணத்தில் இதற்கு இரண்டு பருவம் உண்டு. சோழகம் வீசும் மாதங்களில் செம்மண் தூசும் கஞ்சித் தூளும் பஞ்சும் சேர்ந்து தகடுகளை ஒட்டிவிடும். இழை அறுந்தாலும் தகடு விழாது. மாரியில் வாடைக் காற்றோடு ஈரம் ஏறி, மின் தொடுகை வகையில் பஞ்சு நனைந்து மின்னைக் கடத்தும். எதுவும் அறாமலே தறி நிற்கும். ஆகவே கிழமைக்கொரு முறை தகடுகளைத் தூரிகையால் துடைப்பதைச் சோழகத்தில் நாளுக்கொரு முறை ஆக்குங்கள். எண்ணெய் துடைத்த சீலையை அந்தப் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

இழைகளே அளவுக்கு மிஞ்சி அறுந்தால் தறியை விட்டுக் காற்றைப் பாருங்கள். பருத்திக்குக் கூடத்தில் ஈரப்பதன் நூற்றுக்கு 75 முதல் 85 வரை வேண்டும். சோழகத்தில் மதியம் கதவு திறந்து கிடந்தால் அது கிடைக்காது. காற்று வரும் பக்கம் நனைத்த சாக்குத் தொங்கவிட்டு, நிலத்தில் தண்ணீர் தெளித்தோம். அறுவது கண்ணுக்குத் தெரியக் குறைந்தது.

துணியில் குறுக்குக் கோடு

முதலில் அடிமட்டத்தை எடுங்கள். கோடுகளுக்கிடையே தூரம் ஒன்றாக இருக்கிறதா? ஒன்றாக இருந்தால் துணி இழுக்கும் பல்லுச் சில்லுகளில் ஒன்று பிழை. எது என்பதைத் தூரமே சொல்லும். றச்செற் என்ற பல்லுச் சில்லில் 60 பல், ஊடைக்கு ஒரு பல், அங்குலத்துக்கு 60 ஊடை என்றால், அதில் ஒரு பல் உடைந்திருந்தால் அங்குலத்துக்கு ஒரு கோடு விழும். துணி இழுக்கும் உருளையைச் சுற்றி நாடாவால் அளந்து பாருங்கள். கோட்டுத் தூரம் அதனோடு பொருந்தினால் உருளை நெளிந்திருக்கிறது, அல்லது அதில் ஒட்டிய சொரசொரப்புத் தாள் ஓரிடத்தில் உரிந்திருக்கிறது. தூரம் ஒழுங்கில்லாமல் இருந்தால் பாவு விடும் பக்கம் போங்கள். சங்கிலியும் பாரமும் வைத்த பழைய முறையில் சங்கிலி துருவேறி விக்கி விக்கி விடும். கடலுக்கு அண்மையில் உள்ள கூடங்களில் இது நிச்சயம். பாவின் இறுக்கத்தை அறிந்து பல்லால் விடும் அமைப்புக்கு மாறுவது செலவுதான். ஆனால் போட்ட காசைத் துணியின் தரத்தில் திருப்பித் தரும் திருத்தம் அது.

தறி நின்று தொடங்கும் இடத்தில் மட்டும் கோடு என்றால், நிற்கும்போது பாவு நீண்டு துணியின் விளிம்பு நகர்ந்திருக்கிறது. சாப்பாட்டுக்குப் போகும்போது பாவைச் சற்றுத் தளர்த்திவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

ஓரம் கிழிவதற்கு அதிகம் தேட வேண்டாம்: துணியின் ஓரத்தை விரித்துப் பிடிக்கும் இடது வலது டெம்பிள்களை மாற்றிப் பூட்டியிருப்பார்கள், அல்லது அதன் முள் மழுங்கியிருக்கும்.

"வேகத்தைக் கூட்டினால் என்ன?"

ஒரு முதலாளி என்னிடம் புல்லியை மாற்றி 180 ஐ 200 ஆக்கித் தரச் சொன்னார். ஷட்டிலின் வேகம் ஒன்பதில் ஒரு பங்கு கூடும். அதன் சக்தி நூற்றுக்கு 23 கூடும். பிக்கரும் பெட்டியும் அதைத் தாங்க வேண்டும். சுல்சர் தறிக்காரர் ஐம்பதுகளில் வேகத்தைக் கூட்டியது அடியைக் கூட்டி அல்ல. ஷட்டிலையே எடுத்துவிட்டு, நூலைக் கவ்விப் பறக்கும் 40 கிராம் இரும்புத் துண்டை வைத்தார்கள்.

அவருடைய தறி ஒன்றுக்குப் பக்கத்தில் ஒரு மணித்தியாலம் இருந்து எண்ணினோம். பத்து முறை நின்றது. ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ இரண்டு மினித்து. ஓடியது 40 மினித்து, 7200 ஊடை. 200 ஆக்கி, நிற்பது கூடாமலே இருந்தாலும் 8000. வேகத்தைத் தொடாமல் நிற்பதைப் பாதியாக்கினால் 50 மினித்து ஓடும், 9000. அவர் கடதாசியை இரண்டு தரம் பார்த்தார். "சரி அண்ணை, அப்ப பிக்கர் எத்தனை வேணும்?" என்று கேட்டார். பன்னிரண்டு தறிக்கு இருபத்துநாலு என்றேன். புல்லி மாற்றவில்லை.